கூலாயில் ஏறும் கிறிஸ்துமஸ் ரயில்

“அப்பா, இந்த ரயில் நம்ம ஸ்டேசனுக்கு வருமா?”

டிசம்பர் பிறந்தால் ஏதாவதொரு அலைவரிசையில் ‘போலார் எக்ஸ்பிரஸ்’ ஓடும். அதைப் பார்த்து முடித்த பிள்ளை கேட்கும் முதல் கேள்வி இதுதான். கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1985-இல் எழுதிப் படமும் வரைந்த சிறுவர் நூல், 2004-இல் திரைப்படமானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, தூங்கப்போன பையனின் வீட்டு வாசலில் நீராவி ரயில் வந்து நிற்கிறது. இரவு உடையோடு ஏறிக்கொள்கிறான். வண்டி வட துருவத்துக்குப் போகிறது. படத்து இஞ்சினுக்கு மாதிரியாக இருந்த நிஜ இஞ்சின் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓவோசோ என்ற ஊரில் இன்றும் இருக்கிறது. அதன் எண் 1225. பன்னிரண்டாம் மாதம், இருபத்தைந்தாம் தேதி. கதைக்காக வைத்த எண்ணல்ல அது, பட்டறையிலிருந்து வந்தபோதே இருந்த எண். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

அந்த நாட்டில் படத்தின் பெயரிலேயே கிறிஸ்துமஸ் ரயில்கள் ஓடுகின்றன. பிரிட்டனில் பழைய நீராவிப் பாதைகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் சங்கங்கள் ‘சாண்டா ஸ்பெஷல்’ விட்டுத்தான் ஆண்டுச் செலவில் ஒரு பகுதியைத் தேற்றுகின்றன. கனடாவில் 1999 முதல் விளக்கு ஜோடித்த சரக்கு ரயில் ஒன்று ஊர் ஊராகப் போய், நின்ற இடத்தில் பாட்டுக் கச்சேரி நடத்தி, ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு உதவி திரட்டுகிறது.

நம் ஊருக்கு வருவோம். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்: வராது. கூலாயில் கிறிஸ்துமஸ் ரயில் விலைக்குக் கிடைக்காது. அச்சுமுறுக்கு மாதிரி வீட்டில்தான் சுட வேண்டும். மாவு கேடிஎம் ரயில் நிறுவனம் கொடுக்கும், அச்சு நம்முடையது. சாதாரண வண்டி ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பண்டிகை வண்டியாக மாற்ற என்ன வேண்டும், எங்கே போகலாம், எது காலை வாரும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

எங்கே போவது

கூலாய் வழியாக ரயில் போகத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் திறக்கப்பட்டது. நம் தாத்தா காலத்தில் பாதை நெடுகப் பால்மரம், இப்போது செம்பனை. ஜன்னல் காட்சியில் வேறு பெரிய மாற்றம் இல்லை. ஆனால் வண்டி அடியோடு மாறிவிட்டது. கிம்மாஸ் – ஜொகூர் பாரு இடையே 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைப் பாதை போட்டு முடித்த பிறகு, ஈடிஎஸ் மின்ரயில் 2025 மார்ச்சில் சிகாமட் வந்தது, ஆகஸ்டில் குளுவாங் வந்தது, டிசம்பரில் ஜொகூர் பாரு சென்ட்ரலைத் தொட்டது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும் வண்டி. ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. பழைய வண்டியின் ‘தடக் தடக்’ இல்லையே என்று குறைப்படும் பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அது நான்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் யோசிக்காமல் வடக்கே, குளுவாங்குக்குப் போங்கள். எல்லை இல்லை, கடப்பிதழ் இல்லை, அரை நாளில் வீடு திரும்பிவிடலாம். குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடை 1938-இல் தொடங்கியது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டி, காயா, வெண்ணெய், வாழையிலையில் மடித்த சின்ன நாசி லெமாக் பொட்டலம். கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து பசியாற அங்கே போன குடும்பங்களை எனக்குத் தெரியும். பண்டிகை நாளில் கடை திறந்திருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ரயிலில் போய் இறங்கிக் கதவடைத்த கடையைப் பார்ப்பது பெரியவர்களுக்கே தாங்காது.

போலார் எக்ஸ்பிரசுக்கு மிக நெருங்கிய வண்டி எது என்று கேட்டால், ஜொகூர் பாருவிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை போகும் எக்ஸ்பிரஸ் ராக்யாட் தீமூரான் என்பேன். இரவு வண்டி. படுக்கைப் பெட்டி. நடுவே நடைவழி, இரு பக்கமும் மேலும் கீழுமாகப் படுக்கை, ஒவ்வொன்றுக்கும் திரை. இரவு உடையோடு ஏறிப் படுத்த பிள்ளை விடியும்போது காட்டுக்குள் கண் விழிக்கும். கதையில் வருவது இதுதானே? ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பர், கிழக்குக் கரையில் பருவமழை மாதம். 2014 டிசம்பர் வெள்ளம் கெமுபுவில் ரயில் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாதை சீராகப் பல காலம் பிடித்தது. மழை நின்ற ஒரு மார்ச் விடுமுறைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கம்பளி முக்கியம். அந்தப் பெட்டியின் குளிர்சாதனத்துக்கு வட துருவமே தோற்கும்.

மூன்றாவது வழி தெற்கே: ஜொகூர் பாரு, அங்கிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூர். ஒரே நாளில் மூன்று விதமான ரயில், முடிவில் ஆர்ச்சர்ட் சாலையின் கிறிஸ்துமஸ் விளக்கு. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதற்கு ஈடில்லை. இனி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

மூன்று ரயில், ஒரு நாள்

முதல் ரயில் கூலாயிலிருந்து ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கு. ஏறி உட்கார்ந்து பையைச் சரி செய்வதற்குள் இறங்க வேண்டியிருக்கும். நாளுக்குச் சில வண்டிகளே ஓடுகின்றன, எல்லா வண்டியும் நினைத்த நேரத்தில் கூலாயைத் தொடாது. கேடிஎம்பி செயலியில் முதலில் இந்தத் துண்டைப் பாருங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் காடியிலோ பேருந்திலோ போய்ச் சேருங்கள், குற்றமில்லை. ஆனால் ஒத்துவந்தால் விடாதீர்கள். சொந்த ஊர் நடைமேடையில் நின்று வண்டிக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம்தான் பிள்ளைகள் பிறகு பேசும் பத்து நிமிடம்.

இரண்டாவது ‘ஷட்டல் தெப்ராவ்’. 2015 ஜூலை 1 முதல் ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடும் வண்டி. பயண நேரம் ஐந்தே நிமிடம். ஆனால் மூன்றில் இதுதான் நிஜமான ரயில்: முன்னால் டீசல் இஞ்சின், பின்னால் பெட்டிகள், கீழே கடல். பக்கத்துச் சாலையில் பேருந்துகளும் லாரிகளும் நகராமல் நிற்க, நம் வண்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்த ஐந்து நிமிடமும் யாரும் கைத்தொலைபேசியை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இந்தச் சீட்டைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஜொகூர் பாருவிலிருந்து போக பெரியவருக்கு 5 வெள்ளி, உட்லண்ட்ஸிலிருந்து திரும்ப 5 வெள்ளி. இரண்டும் ஐந்துதான், ஆனால் இரண்டாவது சிங்கப்பூர் வெள்ளி. பெரியவர் நான்கு பேர் என்றால் போக 20 ரிங்கிட், வர 20 சிங்கப்பூர் வெள்ளி. பேருந்தைவிட விலை கூடத்தான், பணத்தைவிட இடம்தான் பிரச்சினை. பள்ளி விடுமுறையில் விற்பனை திறந்த உடனே நல்ல நேரத்து வண்டிகள் காலியாகிவிடும். ஆகவே திரும்பும் சீட்டை முதலில் வாங்குங்கள், போகும் சீட்டைப் பிறகு வாங்குங்கள். போக முடியாவிட்டால் வீட்டில் இருந்துவிடலாம். வர முடியாவிட்டால்?

ஒரு டிசம்பர் 24-ஆம் தேதி போகும் சீட்டு மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். திரும்பும்போது ‘பார்த்துக்கலாம்’ என்றேன். பார்த்துக்கொண்டது உட்லண்ட்ஸ் பேருந்து வரிசையைத்தான். சின்னவள் தோளில் தூங்கிவிட்டாள், பெரியவன் சட்டையில் ஐஸ்கிரீம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, வீட்டுக்காரி அரை மணி நேரம் என்னோடு பேசவே இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது கிறிஸ்துமஸ் பிறந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.

அதனால் தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 24, 25 இரண்டும் வேண்டாம். ஆர்ச்சர்ட் விளக்குகள் நவம்பரிலேயே ஏற்றப்பட்டு ஆண்டு முடியும்வரை எரிகின்றன. டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போனால் அதே விளக்கு, பாதிக் கூட்டம். 2026-இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. ஜொகூரில் 2025 தொடக்கம் முதல் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறாகிவிட்டதால் சேர்ந்தாற்போல் மூன்று நாள். பாலம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குடிநுழைவுச் சோதனை போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. போகும்போது மலேசியச் சோதனை ஜொகூர் பாரு சென்ட்ரலில், சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில் இறங்கியபின். வரும்போது இரண்டும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும், ஜொகூர் பாருவில் இறங்கி நேரே நடக்கலாம். இரு பக்கமும் வண்டி புறப்படுவதற்கு முக்கால் மணி முன்னதாக வந்துவிடுங்கள். வாசல் மூடியபின் கெஞ்சிப் பயனில்லை.

கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் தளத்தைக் கண்டால் மூடிவிட்டு வேறு வழியாக வாருங்கள், அது அரசாங்கத் தளமல்ல. தாத்தா பாட்டியின் அட்டையை நீங்களே நிரப்பி, படமெடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ரயிலுக்கு, சோதனைச் சாவடி வாசலில் பேருந்து பிடித்து உட்லண்ட்ஸ் பேருந்து நிலையம் போக வேண்டும். அதையொட்டியே தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் தடத்தின் ரயில் நிலையம். இந்தத் தடம் நமக்காகவே போட்டது போல இருக்கிறது. 2022 நவம்பரில் நீட்டித்த பிறகு, உட்லண்ட்ஸில் ஏறினால் வண்டி மாறாமல் ஆர்ச்சர்டில் இறங்கலாம், இன்னும் உட்கார்ந்திருந்தால் கார்டன்ஸ் பை தி பே. ஓட்டுநர் இல்லாத வண்டி. முதல் பெட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் இதைக் காட்டுங்கள். “அப்ப யாருப்பா ஓட்டுறா?” என்ற கேள்விக்கு, அன்றைக்கு மட்டும், சாண்டா தாத்தா என்று பதில் சொல்லலாம்.

வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம், ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணமில்லை. வண்டிக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை. தண்ணீருக்கும் இது பொருந்தும்.

ஆர்ச்சர்டுக்கு மாலை ஆறரைக்குப் போய்ச் சேருவது உத்தமம். ஏழு மணி வாக்கில் இருட்டும், விளக்கு ஏறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். 1984 முதல் நடந்துவரும் ஜோடனை இது. தங்லின் முனையிலிருந்து பிளாசா சிங்கப்பூரா வரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. முழுவதும் நடக்க நினைக்காதீர்கள். நிலையத்திலிருந்து ஒரு பக்கமாக அரை மணி நடந்தால் போதும். அதற்கு மேல் பிள்ளைகள் பார்ப்பது விளக்கையல்ல, பொம்மைக் கடையை. கார்டன்ஸ் பை தி பேயில் 2014 முதல் நடந்துவரும் கிறிஸ்துமஸ் வொண்டர்லேண்டுக்குத் தனிச் சீட்டு வேண்டும். இரண்டையும் ஒரே மாலையில் திணிப்பது கூலாய்க்காரர்களுக்கு ஆகாது, நமக்கு இன்னும் எல்லை தாண்ட வேண்டியிருக்கிறது.

காலையிலேயே போய்ச் சேர்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஓஃபீர் சாலையில் லூர்து அன்னை தேவாலயம் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த முதல் கோயில், 1888-இல் கட்டி முடிந்தது, இப்போது தேசிய நினைவுச் சின்னம். டிசம்பரில் அங்கே குடில் பார்த்துவிட்டு, நடந்தே தேக்காவுக்குப் போய் வாழையிலையில் சாப்பிடலாம். எங்கள் வீட்டு ஆயாவுக்கு ஆர்ச்சர்ட் விளக்கைவிட அந்தக் குடில்தான் நினைவில் நிற்கிறது.

பையில் என்ன, கையில் என்ன

வண்டியைக் கிறிஸ்துமஸ் வண்டியாக்க அதிகம் வேண்டியதில்லை. முந்தின நாள் மணிலா அட்டையில் தங்கநிறத் தாள் ஒட்டிப் பிள்ளைகளே தங்களுக்குச் சீட்டு செய்யட்டும். படத்தில் வரும் ரயில் கண்டக்டர் ஒவ்வொரு சீட்டிலும் எழுத்து வடிவில் ஓட்டை போடுவார். நாமும் அலுவலகத்துப் பஞ்சரால் பெயரின் முதல் எழுத்தைப் போடலாம் என்று இறங்கினேன். தமிழில் அது லேசான வேலையல்ல. ‘இ’ போட்டு முடிப்பதற்குள் சீட்டு சல்லடையாகிவிட்டது. அதிலிருந்து ஆளுக்கொரு புள்ளிதான். மெய்யெழுத்து என்று சொல்லிச் சமாளிக்கிறேன். கண்டக்டர் வேலை தாத்தாவுக்குக் கொடுங்கள். தொப்பியும் மிடுக்கும் அவருக்குத்தான் பொருந்தும்.

கதையில் வெள்ளி மணி ஒன்று வரும். நம்பிக்கை உள்ளவர் காதுக்கு மட்டும் கேட்கும் மணி. எங்கள் வீட்டில் சின்னவளின் பரதநாட்டியச் சலங்கையிலிருந்து ஒற்றை மணியைக் கழற்றி, சிவப்பு ரிப்பனில் கோத்தோம். பயணம் முழுக்க ஆட்டினால் பக்கத்து இருக்கைக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள். ஆகவே வண்டி நிலையத்தைவிட்டு நகரும்போது ஒரு முறை, பாலம் ஏறும்போது ஒரு முறை. பாட்டும் அப்படித்தான், முணுமுணுப்புக்கு மேல் வேண்டாம். எதிர் இருக்கை மாக்சிக் சிரித்துவிட்டு ஒரு மிட்டாய் நீட்டினால், நம் டப்பாவையும் நீட்ட வேண்டும்.

அந்த டப்பா மைலோ டின்னாக இருக்கட்டும். அச்சுமுறுக்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் ஜொகூர் பாருவுக்குள் தூளாகிவிடும். டின்னின் அடியில் மெல்லிய காகிதம், ஒரு வரிசை முறுக்கு, மறுபடி காகிதம். ஃபிளாஸ்கில் சூடான மைலோ. படத்துப் பிள்ளைகள் குடிக்கும் சூடான சாக்லேட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பதில் இந்நாட்டில் இல்லை. கோழிப் பிரட்டல், ஆட்டுக்கறிச் சம்பல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், இறைச்சியை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தனி விதிகள் உண்டு. சூயிங்கம் கூடாது. அப்பாவின் வேப் கண்டிப்பாகக் கூடாது. அங்கே அது குற்றம். மலேசியாவிலிருந்து போகிறவருக்கு மதுவிலும் சிகரெட்டிலும் தீர்வைச் சலுகை கிடையாது, ஆகவே அத்தைக்கு என்று ஒயின் போத்தலைப் பையில் மறைக்க வேண்டாம்.

குடையும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். மாலை மழை கிறிஸ்துமஸ் பார்த்து நிற்காது.

கூலாய் என்ற பெயருக்கு இங்குள்ள சீனப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள்: குடியேறிய காலத்தில் வெள்ளம் வந்து, அதோடு ஆமைகளும் வந்தன, ‘ஆமை வருகிறது’ என்று சீனத்தில் சொன்னதே ஊர்ப் பெயராயிற்று என்று. எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு சித்தாந்தம் உண்டு: கூலாய்க்கு வரும் சாண்டாவின் வண்டியை மான் இழுக்காது, ஆமைதான் இழுக்கும், அதனால்தான் பரிசு தாமதம். உங்கள் வண்டி தாமதமானால் இந்தக் கதை கைகொடுக்கும்.

இரவுத் திரும்பல்

உட்லண்ட்ஸிலிருந்து இரவு வெகுநேரம்வரை ஷட்டல் உண்டு. ஆனால் ஜொகூர் பாருவில் இறங்கும்போது கூலாய்க்கு ரயில் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். காலையிலேயே ஒரு காடியை ஜொகூர் பாருவில் நிறுத்திவிட்டு வருவது, மச்சானை வரச் சொல்வது, வாடகை வண்டி பிடிப்பது, எதுவானாலும் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பிள்ளைகள் அந்நேரம் தூங்கியிருப்பார்கள். தூக்குவதற்குப் பெரியவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு ஆள் சேருங்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை, ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு, ஆர்டிஎஸ் என்ற புதிய ரயில் தடம் தயாராகிறது. தொடக்கத்துக்குக் குறித்த இலக்கு 2027 ஜனவரி. அது ஓடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஷட்டல் தெப்ராவை நிறுத்திவிடுவது என்பது ஏற்பாடு. 1923 அக்டோபர் 1-ஆம் தேதி பாலத்தின் மேல் முதல் பயணிகள் ரயில் போனது. இஞ்சின் இழுக்க, அதே பாலத்தின் மேல், கடலைப் பார்த்தபடி பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம்.